மஞ்சள் மழைக்கோட்டுக்கு அறுபத்துமூன்றாம் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம், கடை சுகம், கடையின் இரண்டு நாற்காலிகளும் சுகம், என் வலது தோள்பட்டை மட்டும் மழை வந்தால் கொஞ்சம் முனகுகிறது. அங்கே நீ தோள்பட்டை உட்பட எல்லா விதத்திலும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் நீ அனுப்பிய செய்தியில் நலமா என்றுகூடக் கேட்காமல், அப்பா, அவளோட அப்பா மீசையை என்ன பண்ணீங்க என்று ஒரே வரி கேட்டிருந்தாய். நீ ஒரு வரியில் கேட்டுவிட்டாய், எனக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவாள், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் அழுததாகவும், கல்யாணமே நின்றுவிடுமோ என்று நீ இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றும் அம்மா சொன்னாள். முதலில் சாப்பிடு. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், என் பக்கம் தப்பு இருக்கிற இடத்தில் அதையும் எழுதுகிறேன், ஆனால் அதற்குக் கொஞ்சம் தாள் செலவாகும், பொறுமையாகப் படி.

அவர்கள் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தது கடை விடுமுறை நாள் காலையில். உன் வருங்கால மாமனாரும் அவர் மனைவியும், இரண்டே பேர். சம்பந்தி என்று எழுதுவதா வேண்டாமா என்று இந்த இடத்தில் பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன், முடிவு எப்படியென்று கடைசியில் தெரியும். சம்பந்தி பஸ் நிலையத்துக்கு எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பது உனக்குத் தெரிந்ததுதான். தலை சுத்தமான வழுக்கை, என் தொழிலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத தலை. ஆனால் தலையில் இல்லாததையெல்லாம் சேர்த்து மூக்குக்குக் கீழே வைத்ததுபோல ஒரு மீசை, அடர்த்தியும் கருமையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கும் வளைவும், நான் பேசிக்கொண்டிருந்தபோதே என் கண் அதன்மேல்தான் இருந்தது. முடிவை நீங்கள் இருவரும் முன்பே எடுத்துவிட்டீர்கள், நாங்கள் நாலு பேரும் தலையை ஆட்டினால் போதும், இருபது நிமிஷத்தில் ஆட்டி முடித்துவிட்டோம். டீ குடித்துவிட்டுக் கையை அலம்ப எழுந்து போனவர், நம் ஃபிரிட்ஜுக்குமேல் இருக்கிற தட்டில் அந்த ஐந்து ரெக்கார்டுகளைப் பார்த்துவிட்டார். கையை அலம்பாமலேயே திரும்பி வந்தார். நாலாம் மாடியா, நீங்களா, என்று கேட்டார்.

நாலாம் மாடி, நீ தொட்டிலில் கிடந்தபோதே கேட்ட அதே ராக் குழுதான். நாலு பேர், ஐந்து ரெக்கார்டு, அறுபத்துமூன்று பாட்டு, பிறகு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோனார்கள். என்ன சண்டை என்று உலகத்துக்கு இன்னும் தெரியாது, எனக்கு இப்போது தெரியும், தங்கள் பாட்டில் எது முதலிடம் என்று யாரோ ஒருவன் பேச்செடுத்திருப்பான். நான் ஆமாம் என்றதும் சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்தார். நாலாம் மாடின்னா எனக்கு உசுருங்க, எங்க வீட்ல ஒருத்தருக்கும் புரியலை என்றார். எங்க வீட்லயும்தான் என்றேன். அம்மாவும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரே வியாதி உள்ளவர்களை வைத்துப் பராமரிக்கிற இரண்டு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்தித்துக்கொண்ட மாதிரி. அந்த நிமிஷத்தில் அவர்களை வழியனுப்பி வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அதுசரி, உங்களுக்கு எது ஃபர்ஸ்ட் என்று நான்தான் கேட்டேன்.

மஞ்சள் மழைக்கோட்டு என்றார், மூச்சுவிடக்கூட நிற்காமல். பதினொரு நிமிஷப் பாட்டு, அதில் ஆணியில் தொங்குகிற ஒரு மழைக்கோட்டைப் பற்றி நாலே வரி, மீதிக்கெல்லாம் கிதாரும் டிரம்ஸும். அந்தக் கோட்டுங்கிறது நம்ம வாழ்க்கைங்க என்றார். கோட்டு கோட்டுதாங்க என்றேன். அம்மா அங்கேயே என் காலை மிதித்தாள், எனக்கு உறைக்கவில்லை. அவர் எப்படி வரிசைப்படுத்துவார் தெரியுமா, தன் கடையில் கண் பார்க்கிற முறையிலேயே. இரண்டு பாட்டைப் போடுவார், இது தெளிவா அது தெளிவா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார், தெளிவானதை வைத்துக்கொண்டு அடுத்ததைப் போடுவார், இப்படியே அறுபத்துமூன்று பாட்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக் கடைசியில் மழைக்கோட்டு ஜெயித்ததாம், அதுவும் ஒரு தடவை இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை, மூக்குக்கண்ணாடி பவர் மாறுகிற மாதிரி ரசனை பவரும் மாறியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சோதிப்பாராம். இருபத்தெட்டு வருஷமாக மழைக்கோட்டுதான். கேட்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அது மரியாதை இல்லை என்று தெரியும், ஆனாலும் வந்தது.

என் முறை உனக்குத் தெரியும், நீ எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாய். என் காது தீர்ப்புச் சொல்வதில்லை, கைதான் சொல்லும். கத்தி வாடிக்கையாளர் கன்னத்தில் இருக்கும்போது பாட்டு ஓடுகிறது, கை தானாகக் கன்னத்தை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்று கேட்டால் அது உயர்ந்த பாட்டு. கை பாட்டுக்கு ஏற்றபடி வேலை செய்தால் நல்ல பாட்டு. கை பாட்டை மறந்துவிட்டால் சாதாரணப் பாட்டு. கை ஆளையே மறந்துவிட்டால் ஆபத்தான பாட்டு. இதற்குமேல் ஒரு விமரிசகர் என்ன சொல்லிவிட முடியும். இந்த முறைப்படி நில்லாத லிஃப்ட் மூன்றாவது, அதன் தாளத்துக்குக் கத்தரிக்கோலை விட்டால் ஒரு தலைக்கு இரண்டு தடவை ஓடி முடிவதற்குள் கிராப் தயார். எறும்பு வரிசை இரண்டாவது, காதோரம் ஒதுக்குவதற்கு அதைவிட மென்மையான டிரம்ஸை இன்னும் ஒருவன் அடிக்கவில்லை. வாடகைக்கு வீடு ஐந்தாவது, ஏனென்றால் அந்தக் கோரஸ் வரும்போது வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்களெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே சேர்ந்து கத்துவார்கள், அதில் ஒருவர் காதைக் கொஞ்சம் கீறியிருக்கிறேன், அதனால்தான் நாலாவது இடம் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு நாய் அறுபத்திரண்டாவது. அதில் அவர்கள் நிஜ நாயின் குரைப்பை வைத்திருக்கிறார்கள், அதைப் போட்ட அன்று தெரு நாய்கள் ஏழு கடைக்குள் வந்தன, ஒன்றுக்கும் முடி வெட்ட வேண்டியிருக்கவில்லை. மழைக்கோட்டு அறுபத்துமூன்றாவது. பதினொரு நிமிஷம் ஓடினால் முகத்தில் போட்ட நுரை காய்ந்துவிடும். முதலிடம் சாவி எங்கே, மூன்று நிமிஷம் பத்து வினாடி, கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவனின் பாட்டு.

இதையெல்லாம் நான் பணிவாகத்தான் சொன்னேன். அவர், சாவி எங்கே எனக்கு நாற்பத்தொண்ணாவதுங்க, அது குழந்தைங்க பாட்டு என்றார். நாற்பத்தொன்று. எனக்குச் சுருக்கென்றது. உடனே நான், மழைக்கோட்டு வந்த ஐந்தாவது ரெக்கார்டையே விட்டுத் தள்ளுங்க, பாடகருக்கு எப்போ தலைமுடி கொட்டிச்சோ அப்பவே பாட்டும் கொட்டிப் போச்சு, வழுக்கைத் தலையிலிருந்து என்ன ராக் வரும் என்று சொல்லிவிட்டேன். தொழில் ரீதியான கருத்து, யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மீசையைத்தான். ஆனால் அந்த அம்மா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சம்பந்தி தன் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். அவருடைய கார் வாசலில் நின்றிருந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் இருவருக்கும் நடந்தது பேச்சுவார்த்தை இல்லை, பட்டியல் யுத்தம். அவர் தன் அறுபத்துமூன்றையும் போனில் அனுப்பினார், நான் என்னுடையதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே அவர் காரணம் எழுதுவார், அதற்கு எதிரே நான் மறுப்பு எழுதுவேன். கல்யாண மண்டபம் பார்க்க வேண்டும், நாள் பார்க்க வேண்டும், ஒன்றும் நகரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமும் நான் வாக்கெடுத்தேன். தபால்காரர், எது சின்னதோ அதைப் போடுங்க, எனக்கு இன்னும் நாலு தெரு பாக்கி என்றார், அதைச் சாவி எங்கேக்கு ஒரு வாக்காகக் குறித்துக்கொண்டேன். நம் இரண்டாவது நாற்காலிக்காரர், அதுதான் என் கூட்டாளி, எனக்கு நியூஸ்தான் பிடிக்கும் என்றார், அவரைச் செல்லாத வாக்காக அறிவித்தேன். அறுபது வயது தாண்டிய இரண்டு பேர் இப்படிச் செய்வார்களா என்று நீ கேட்பாய். செய்வார்கள். வேறு எந்த விஷயத்திலும் எங்களை யாரும் கருத்துக் கேட்பதில்லையே.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவராகவே கடைக்கு வந்தார். பொண்ணு அழுவுறா, நம்ம பாட்டுச் சண்டைக்குப் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க, ஒரு ஷேவிங் பண்ணி மீசையை ஒதுக்கிவிடுங்க, சமாதானமாயிடுவோம் என்றார். ஒருவன் தன் கழுத்தை இன்னொருவன் கத்திக்குக் கீழே நீட்டுவதைவிட என்ன பெரிய சமாதானம் இருக்கிறது. எனக்கு மனது இளகிவிட்டது. நானும் பெருந்தன்மை காட்டுவோம் என்று நீ பென் டிரைவில் ஏற்றிக்கொடுத்திருக்கிறாயே அதிலிருந்து மஞ்சள் மழைக்கோட்டைத் தேடிப் போட்டேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், நுரைக்குள்ளும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். நான் கன்னத்தை முடித்தேன், தாடையை முடித்தேன், நுரை காயக் காயத் தண்ணீர் தெளித்து மறுபடி போட்டேன், பாட்டை நிறுத்தவில்லை, என்னவொரு விருந்தோம்பல். சரியாக ஆறாவது நிமிஷத்தில் பாட்டு நின்றது. சத்தமே இல்லை. சரி, முடிந்துவிட்டது, இனி நிம்மதியாக மீசையை ஒதுக்கலாம் என்று கத்தியைக் கொண்டுபோய் இடது ஓரத்தில் வைத்தேன்.

அது முடியவில்லை தம்பி. அது மூச்சுப் பிடிக்கிற இடம். எட்டு வினாடி ஒன்றுமே இல்லாமல் விட்டுவிட்டு டிரம்ஸ், இரண்டு கிதார், பாடகர், நாலு பேரும் ஒரே நேரத்தில் கூரை இடிந்து விழுகிற மாதிரி வந்து விழுந்தார்கள். என் கை துள்ளியது. அதே வினாடியில் அவரும், இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில், தாளத்துக்குத் தலையை வேகமாக ஆட்டினார். சவர நாற்காலியில் தலையை ஆட்டக் கூடாது என்பது உலகத்துக்கே பொதுவான சட்டம், இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். இரண்டும் சேர்ந்ததில் இடது பக்க மீசை, மூக்குக்குக் கீழிருந்து ஓரம் வரைக்கும், என் கத்தியோடு வந்துவிட்டது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை, அவ்வளவு சுத்தமான வெட்டு, வேறு சந்தர்ப்பமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்து எதிரே கண்ணாடியில் முகம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு மெதுவாக ஒன்று கேட்டார், அதுதான் என்னைக் கொன்றது. நீங்க இந்தப் பாட்டை ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்லையா என்றார்.

கேசட் காலத்திலிருந்து அந்தப் பாட்டு நாலாவது நிமிஷத்தைத் தாண்டும்போது நுரை காய்ந்துவிடுமே என்று ஃபார்வர்டு பட்டனை அமுக்குவது என் வழக்கம். முப்பத்தோரு வருஷம். ஒரு பாட்டை முழுசாகக் கேட்காமலே அறுபத்துமூன்றாவது இடத்தில் உட்கார வைத்து, ஊரெல்லாம் அதை நியாயம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் நம் துண்டோடு எழுந்து போய்விட்டார். அன்றைக்கே சம்பந்தியின் மனைவி போன் செய்து உன் அம்மாவிடம், மீசை போனதைக்கூடப் பொறுத்துக்கிட்டார், கேட்காமலே மார்க் போட்டதைத்தான் பொறுக்க முடியலைங்கிறார், இப்படிப்பட்ட வீட்ல பொண்ணைக் கொடுக்க யோசனையா இருக்காம், உங்க வீட்டுக்காரர் வந்து மழைக்கோட்டுதான் ஃபர்ஸ்ட்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும் என்று சொல்லியிருக்கிறார். உன் செய்தி வந்தது அதற்கு மறுநாள்.

அம்மா எனக்கு வேறு வழியே வைக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லியிருக்காங்க, உங்களை ஒரே ஒரு பொய்தானே சொல்லச் சொல்றாங்க, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது மிச்சம்தானே என்றாள். கணக்கு சரிதான். ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மறுநாள் மத்தியானம் கூட்டாளியைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் நானே உட்கார்ந்து மஞ்சள் மழைக்கோட்டை முதல் வினாடியிலிருந்து போட்டேன். எட்டு வினாடி மௌனத்துக்குப் பிறகு அவர்கள் வந்து விழுந்தபோது, வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், என் இரண்டு கையும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. ஒன்பதாவது நிமிஷத்தில் அந்தக் கோட்டுக்காரன் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்கே புரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்ல பாட்டு தம்பி. மிக நல்ல பாட்டு. அறுபத்துமூன்றிலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிட்டேன், எறும்பு வரிசையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை மூன்றுக்கு இறக்கினேன். அறுபத்தொரு படி. ஆனால் கடைசி ஒரு படி ஏற்ற முடியவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று திட்டினாள். பையன் வாழ்க்கையைவிட ஒரு பாட்டு ஒசத்தியா என்று கேட்டாள். நீயும் அதையேதான் கேட்பாய். ஏன் என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது, உனக்குச் சொல்கிறேன், சம்பந்திக்கும் நேற்றுச் சொன்னேன், மூன்றாவது ஆளுக்குப் போகக் கூடாது.

நேற்றுக் காலையில் அவர் கடைக்குப் போனேன். வலது பக்க மீசையையும் தானே எடுத்துவிட்டிருந்தார், பாவம், முகம் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது, எனக்கு அடையாளமே தெரியவில்லை. என்னை ஒன்றும் பேசவிடாமல் கண் பார்க்கிற நாற்காலியில் உட்கார வைத்து, அந்தக் கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எதிரே எழுத்துப் பலகையைப் போட்டார். பழி வாங்குகிறாரா, பார்வை பார்க்கிறாரா என்று புரியவில்லை. இது தெளிவா, அது தெளிவா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில், மழைக்கோட்டா, சாவியா என்றார். நான் சட்டத்தைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன், எதிரே எல்லாம் மங்கலாக இருந்ததும் ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று.

உனக்கு ஞாபகம் இருக்காது. சின்ன வயதில் நீ முடி வெட்ட உட்காரமாட்டாய். ஊருக்கெல்லாம் வெட்டுகிறவன் பிள்ளை, நாற்காலிக் கைகள்மேல் பலகையைப் போட்டு உன்னை ஏற்றினால் போதும், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அலறுவாய், வாடிக்கையாளர்கள் கலைந்துபோவார்கள். சாவி எங்கே போட்டால் மட்டும் வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாய். மூன்று நிமிஷம் பத்து வினாடிக்குள் முழுத் தலையையும் முடித்தாக வேண்டும், முடித்தேன், என் கையில் இருக்கிற வேகமெல்லாம் அப்போது வந்ததுதான். பாட்டுதான் உன்னை உட்கார வைத்தது என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள். அது இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிற உன் அம்மா, எனக்குப் பின்னால் பெஞ்சுப் பக்கம் நின்றுகொண்டு, என் துண்டை இடுப்பில் கட்டி, என் இரண்டு சீப்பை எடுத்துக்கொண்டு அந்த டிரம்ஸ்காரர் மாதிரியே காற்றில் அடித்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடுவாள். நீ அதைத்தான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாய். நாலாம் மாடியை இரைச்சல் என்று இன்றுவரை திட்டுகிற அதே அம்மாதான். நான் முடியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு. சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டி வைத்திருப்பவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாதா. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவாள் என்று குனிந்தபடியே வெட்டினேன். அந்தப் பாட்டு எனக்கு ஏன் முதல் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும், இதைச் சொல்லிவிட்டு அதை இரண்டாவதாக்கு என்றால் எப்படி முடியும். உனக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், இதைக் கொடுத்தால் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் பெரிதாக இருக்காது.

சம்பந்தி என் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றினார். கண்ல சொட்டு மருந்து விட்டு ஆளுங்களை அந்த பெஞ்சுல பத்துப் பன்னெண்டு நிமிஷம் கண்ணை மூடி உட்கார வைப்பேன், அதுக்குச் சரியா இருக்கும்னுதாங்க மழைக்கோட்டைப் போட ஆரம்பிச்சேன், எந்தப் பாட்டு பதினோரு நிமிஷம் ஓடியிருந்தாலும் அதுதான் எனக்கு முதல்ல வந்திருக்கும்போல என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மீசை இல்லாமல் அவர் சிரிப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன், உன் வருங்கால மனைவியின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. சாவியை நாற்பத்தொன்றிலிருந்து ஆறுக்கு ஏற்றுகிறேன், அதுக்குமேல கேட்காதீங்க என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு இடது கண்ணில் பவர் கூடியிருக்கிறதாம், அதற்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆக, கல்யாணம் உண்டு. முகூர்த்தம் பார்ப்பதற்கெல்லாம் வேலை இல்லை, தேதியை நான்தான் குறித்துக் கொடுத்தேன், மீசை முளைக்கிற கணக்கில். கல்யாணப் போட்டோவில் மீசை இல்லாமல் நிற்கமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. அந்த அடர்த்திக்கு எட்டு வாரம், ஒதுக்கி உருவத்துக்குக் கொண்டுவர இன்னும் ஒரு வாரம், ஆக ஒன்பது வாரம், தொழில் ரீதியாக உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். ஒதுக்கப்போவதும் நான்தான், ஒரு பாட்டும் போடாமல். அம்மாவும் அந்த அம்மாவும் தனியாகப் பேசி ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், மண்டபத்தில் நாலாம் மாடியின் ஒரு பாட்டுகூட ஒலிக்கக் கூடாது, மீறினால் இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்களாம். சம்பந்தியும் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். எங்களுக்குள் இப்போது பாக்கி இருப்பது நாலாவது இடம் மட்டும்தான், அதைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

நீ செய்ய வேண்டியது, லீவுக்கு இன்றைக்கே எழுதிக்கொடு, ஒன்பது வாரம் கழித்து என்று சொல், காரணம் கேட்டால் மீசை என்று சொல்லாதே. அந்தப் பெண்ணிடம் அவளுக்கு எந்தப் பாட்டு முதல் என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள், சொன்னால் சரி என்று சொல், ஏன் என்று கேட்டு அவள் சொல்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே. எதையும் முழுசாகக் கேட்காமல் மார்க் போடாதே, இதை உன் அப்பன் முப்பத்தோரு வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டான். வேளைக்குச் சாப்பிடு. முக்கியமாக, வருவதற்கு முன்னால் அங்கே யாரிடமும் தலையைக் கொடுத்துவிடாதே, காடாக வளர்ந்திருந்தாலும் அப்படியே வா. போன தடவை வீடியோவில் பார்த்தேன், முன்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, உன் மாமனார் முன்னால் அதைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. மூன்று நிமிஷம் பத்து வினாடி தேவைப்படாது, இரண்டில் முடித்துவிடலாம், ஆனாலும் பாட்டு முடிகிற வரைக்கும் இறங்காமல் உட்கார்ந்திரு. இந்தக் கடிதத்தை ஒட்டி நானே தபாலில் போடுகிறேன், அம்மா கையில் கொடுக்கமாட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டாலும் ஒரே கூரைக்குக் கீழே போட்டுக்கொண்டு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். லீவை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கை நடுங்காத உன் அப்பா

தம்பி, அப்பா இதை ஒட்டி வைத்துவிட்டு ஸ்டாம்பு வாங்கப் போயிருக்கிறார். கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்பவே தெரியும். நான் படித்ததைச் சொல்லிவிடாதே. பாட்டு சுமார்தான். நீ மூன்றாவது தடவையே அழுகையை நிறுத்திவிட்டாய், அதற்கப்புறம் நாலு வருஷம் ஆடியது உனக்காக இல்லை.
அம்மா